முதுகு வலிக்கு எதைச் சாப்பிடுவது? மலையில் இருப்பவர்களுக்கு ஐந்து வழிகளின் ஒப்பீடு

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னிடம் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான்.

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா: "காலையில ராகிக் கூழ் குடிக்கிறேன் கண்ணு. அது போதுமா, இல்ல கால்சியம் மாத்திரை வாங்கணுமா?"

கல்லட்டி மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் ஒரு அண்ணன்: "டாக்டர் எடையைக் குறைன்னுட்டார். இந்த வலியோட எப்படிம்மா நடக்கிறது? சாப்பாட்டுலயே ஏதாவது வழி இருக்கா?"

குன்னூரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி, மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பாவைப் படம் பிடித்து அனுப்பி, "இது வாங்கலாமாக்கா? விலை ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

நான் டாக்டர் இல்லை. நான்கு வருடமாக அம்மாவின் முதுகைக் கவனித்துக்கொண்டிருப்பவள். அதற்காகப் படித்ததும், எலும்பு டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், எங்கள் அடுப்பில் செய்து பார்த்ததும் சேர்ந்ததுதான் இது.

எங்களுடையது 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பம். பன்னிரண்டு வயதில் வந்த அம்மா, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தார். அறுபத்திரண்டு வயதில் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது முதுகில் 'கடக்' என்றிருக்கிறது. ஒரு கிளினிக்கில் "தேய்மானம்" என்று சொல்லி ஐந்து மாதம் வலி ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் குடம் தூக்குவதற்கு இரண்டு வருடம் முன்பே அடையாளம் இருந்தது, எங்களுக்குத்தான் புரியவில்லை. அம்மா வழக்கமாகக் கட்டும் புடவை தரையில் புரள ஆரம்பித்திருந்தது. "கொசுவம் சரியா வரல" என்று மடித்து மடித்துக் கட்டுவார். உண்மையில் அம்மா குட்டையாகிக்கொண்டிருந்தார். கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் இரண்டு கட்டைகள் முன்பக்கம் நசுங்கி, மரக்கடையில் கிடக்கும் ஆப்பு மாதிரி தெரிந்தன.

அதனால்தான் "எந்தச் சாப்பாடு நல்லது?" என்று யாராவது கேட்டால், "யாருடைய முதுகுக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

## சாப்பாடு முதுகில் எங்கே போய்ச் சேருகிறது

முதுகு வலியில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம் என்று ஒரு எலும்பையோ ஜவ்வையோ சுட்டிக்காட்ட முடியாது. 2020-இல் உலகம் முழுக்க 61.9 கோடி பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாகவும், 2050-இல் அது 84.3 கோடியாகலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காக அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சிக்கும், நோயாளிக்கு வலியைப் புரியவைப்பதற்கும் முக்கிய இடம் உண்டு. இடுப்பு பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் பெரும்பாலானவர்களுக்கு வழக்கமாகத் தேவையில்லை என்கிறது. சாப்பாடு மட்டுமே முதுகு வலியைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்படியானால் சாப்பாட்டால் என்ன பயன்? முதுகெலும்புக் கட்டைகளுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் புரதமும் வேண்டும். அந்தக் கட்டைகளை இரண்டு பக்கமும் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்திருக்கும் தசைகளுக்குப் புரதம் வேண்டும். தசைகள் தளர்ந்தால் சுமை முழுக்க எலும்பிலும் ஜவ்விலும் இறங்கும். அடுத்து, வயிற்றில் சேரும் எடை. இவை மூன்றிலும் சாப்பாட்டுக்கு நேரடி வேலை இருக்கிறது.

நான்காவது டிஸ்க், நம் ஊர்ப் பேச்சில் ஜவ்வு. வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. பகலெல்லாம் உடல் எடையில் அமுங்கி நீரை இழந்து, ராத்திரி படுத்தபின் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். காலையில் எழும்போது நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது இதனால்தான். ஆகவே "ஜவ்வு வளர இதைச் சாப்பிடுங்கள்" என்று விற்கும் எதுவும் நேராக அங்கே போய்ச் சேராது. அந்தக் கசிவுப் பாதையைக் கெடுப்பதில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. பீடியை விடுவது சாப்பாட்டுக் கணக்கில் வராதுதான், ஆனாலும் ஜவ்வுக்காகச் செய்யக்கூடியவற்றில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஐந்து கேள்விகள். முதுகின் எந்தப் பகுதிக்கு உதவும்? ஆதாரம் எவ்வளவு பலமானது? மலையில் அன்றாடம் செய்ய முடியுமா? பலன் தெரிய எவ்வளவு நாளாகும்? கடைசியாக, கடைக்காரர் சொல்லாத செலவு என்ன? செலவு என்றால் பணம் மட்டுமில்லை. நேரம், விறகு, மலச்சிக்கல், வேறு மாத்திரையோடு மோதல் எல்லாமே அதில் சேரும்.

## வழி 1: எடையைக் குறைக்கும் சாப்பாடு

உடல் பருமன் உள்ளவர்களுக்கு முதுகு வலி வரும் வாய்ப்பும், வந்தது நீடிக்கும் வாய்ப்பும் அதிகம். இது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது. நம்மவர்களுக்கு அளவுகோலும் கடுமை. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) 23-ஐத் தாண்டினாலே எடை கூடுதல், 25-ஐத் தாண்டினால் பருமன்.

மலையில் எடை ஏறும் வழி பெரும்பாலும் டீ கிளாஸில் இருக்கிறது. குளிருக்கு நாளுக்கு நான்கு டீ. கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், சுமார் 40 கிராம், 160 கலோரி. கூடவே வர்க்கி. கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே கொழுப்பு தடவித்தான் மடிக்கிறார்கள், மாவு மைதா. ஜீப் அண்ணனிடம் ஒரு நாளில் சாப்பிட்டதை மட்டும் எழுதிக் காட்டச் சொன்னேன். சாப்பாட்டு வேளைகளில் பெரிய தப்பு எதுவும் இல்லை. இடையில் ஸ்டாண்டில் நின்று குடித்த ஐந்து டீயும் ஏழு வர்க்கியும்தான் கணக்கைத் தூக்கிவிட்டன.

"வலியோட எப்படி நடக்கிறது?" என்ற அவர் கேள்வி நியாயமானது. எடையைக் குறைப்பதில் நடையைவிடத் தட்டுக்குத்தான் பங்கு அதிகம், ஆகவே வலி இருக்கும்போதே ஆரம்பிக்கலாம். சர்க்கரையைப் பாதியாக்குவது, இரண்டாவது தடவை போடும் சோற்றுக்குப் பதில் பீன்ஸ் பொரியலும் அவரைக் குழம்பும் எடுப்பது போன்றவைதான் நிலைக்கும்.

மறைந்த செலவு: அவசரம். பட்டினி கிடந்து மாதம் ஆறேழு கிலோ இறக்கினால் கொழுப்போடு தசையும் எலும்பின் அடர்த்தியும் சேர்ந்து போகும். எடை குறைந்திருக்கும், முதுகைப் பிடிக்கும் கயிறும் இளைத்திருக்கும். மாதம் ஒன்றிரண்டு கிலோவே போதும். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். ஒல்லியாக இருப்பவர்களுக்கும், வயதாகி இளைத்துக்கொண்டே போகிறவர்களுக்கும் இந்த வழி ஆகவே ஆகாது.

## வழி 2: ராகி, பால், கீரை, கருவாடு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி வளர்ந்தவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200.

100 கிராம் ராகியில் சுமார் 340 முதல் 360 மில்லிகிராம் இருக்கிறது. அரிசி, கோதுமை எதுவும் இதன் பக்கத்தில் வர முடியாது. இந்த மலைக்கு ராகி புதிதில்லை. படகர் வீடுகளில் களியை இட்டு என்பார்கள். அதோடு அவரைக் குழம்பும் சேர்ந்தால் அதற்கு மேல் ஒரு சாப்பாடு நான் கண்டதில்லை. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். வாங்காமல் விட்டவர்கள் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளிலேயே நிறையப் பேர். எனக்கு அது வருத்தம்தான்.

ஆனால் கோத்தகிரி அக்காவின் கேள்விக்கு நேர்மையான பதில்: ஒரு டம்ளர் கூழ் மட்டும் போதாது. கூழுக்குப் போடும் மாவு 30 கிராம் என்றால் கிடைப்பது 100 மில்லிகிராமை ஒட்டித்தான். ஒரு நாள் கணக்கு இப்படிப் போடலாம். 60 கிராம் மாவில் களி, சுமார் 210. பாலும் தயிருமாக 400 மில்லி, சுமார் 480. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, 50 கிராம், சுமார் 150. மொத்தம் 840. நான்கு டீயில் கிளாஸுக்கு 50 மில்லி பால் விழுந்தால் இன்னும் 240 சேரும். டீயைத் திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பால் கலந்த டீயும் கால்சியம்தான், சர்க்கரைதான் கெடுக்கிறது. நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிட்டால் அதுவும் நல்ல கணக்கு. ஆனால் அதை வெந்நீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை இறக்க வேண்டும், ஏனென்றால் உப்பு கூடினால் கால்சியம் சிறுநீரில் போய்விடும்.

கணக்கில் வருவதெல்லாம் உடம்பில் சேருவதில்லை. ராகியில் உள்ள பைட்டேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும். பாலில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உடம்பு எடுத்துக்கொள்கிறது. பசலைக்கீரையில் கால்சியத்தைக் கட்டிப்போடும் ஆக்சலேட் அதிகம் என்பதால் இருபதில் ஒரு பங்குதான் சேரும். எள்ளில் கணக்குப்படி நிறைய இருந்தாலும், தோலோடு சாப்பிட்டால் அதே ஆக்சலேட் பிரச்சினை.

மறைந்த செலவு மலையில்தான் தெரியும். ஜூன் முதல் டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் மாறி மாறி வரும்போது முளைகட்டிய ராகி காயவே காயாது. மூன்றாம் நாள் பூசணம் வாடை வந்துவிடும். அப்படி வந்ததை வறுத்துச் சமாளிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். நான் செய்வது: மார்ச், ஏப்ரல் வெயிலில் நான்கு கிலோ முளைகட்டிக் காயவைத்து, வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, டின்னில் அடைத்துவிடுவேன். அப்புறம் மாதம் ஒரு கிலோ அரைத்துக்கொண்டால் போதும். அது தீர்ந்தபின், மழைக்காலத்தில் ராகியை ராத்திரி ஊறவைத்துக் காலையில் அரைத்துப் பால் பிழிந்து காய்ச்சிக்கொள்கிறோம்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் நீர்த்த கூழைவிடக் கெட்டிக் களியாக, குழம்போடு சாப்பிடுவது மேல். கூழ் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். கடையில் விற்கும் ராகி மால்ட் பொடி என்றால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல பொடிகளில் முதல் இரண்டு பொருளில் ஒன்று சர்க்கரையாக இருக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் எள், பசலை விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலன் எப்போது? இது வலியைக் குறைக்கும் வழி இல்லை. வருடக்கணக்கில் எலும்பைக் காப்பாற்றும் வழி. முப்பதைத் தாண்டாதவர்களுக்கு இது சேமிப்பு, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இழப்பைத் தடுக்கும் அணை.

## வழி 3: கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி, வெயில்

எளிதாகத் தோன்றுவது இதுதான். தினம் ஒரு கால்சியம் மாத்திரை, வாரம் ஒரு வைட்டமின் டி பொடி சாஷே.

வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தால் எலும்பு மெத்தாகி முதுகும் இடுப்பும் தொடையும் வலிக்கும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழவே சிரமமாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரை கண்கூடாக வேலை செய்யும். ஆனால் குறைபாடே இல்லாதவர்களுக்கு? அமெரிக்காவில் 25,871 பேரை வைத்துச் செய்த வைட்டல் என்ற பெரிய ஆய்வின் எலும்பு முறிவு முடிவுகள் 2022-இல் வந்தன. பொதுவாக ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கு தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. ஆகவே ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துத் தேவைப்பட்டால் எடுப்பதுதான் முறை. "எதுக்கும் இருக்கட்டும்" என்று 60,000 யூனிட் சாஷேயை மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் டாக்டர் எட்டு வாரத்துக்குத்தான் எழுதியிருப்பார், சீட்டு அலமாரியிலேயே கிடக்கும், வாங்குவது தொடரும். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகத்தைக் கெடுக்கும் வேலை அது.

வெயில் இலவசம்தானே? மலையில் அதற்கும் கணக்கு உண்டு. குன்னூர் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் பலமாகும், ஆகவே வானம் தெளிந்த நாளில் நமக்குக் கிடைக்கும் வெயில் கீழே மேட்டுப்பாளையத்தில் கிடைப்பதைவிடத் தெம்பானது. ஆனால் நாம்தான் ஸ்வெட்டரும் மப்ளரும் குல்லாவுமாக அதை உள்ளே விடுவதில்லை. மழை மாதங்களில் மூடுபனி வாரக்கணக்கில் விலகாது. இன்னொன்று, கண்ணாடி. கண்ணாடி போட்ட வராந்தாவில் வெயில் காய்வது இங்கே வயதானவர்களுக்குப் பெரிய சுகம். அம்மாவும் அங்கேதான் உட்காருவார். உடம்புக்குச் சூடு கிடைக்கும், ஆனால் வைட்டமின் டி-யை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இது தெரிந்த நாளில் நாற்காலியைத் தூக்கி முற்றத்தில் போட்டேன். காலை 11 முதல் மதியம் 2 மணிக்குள், கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, அரை மணி நேரம்.

மறைந்த செலவு: கால்சியம் கார்பனேட் மாத்திரை வெறும் வயிற்றில் சரியாகச் சேராது, சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். மலச்சிக்கல் வரும். முக்கி மலம் கழித்தால் முதுகு வலி கூடும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். மாத்திரை ஆரம்பித்ததும் பாலையும் கீரையையும் விட்டுவிடுவதையும் நான் செலவாகத்தான் பார்க்கிறேன்.

எலும்புப்புரை (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நோய்) உறுதியாகி, ஒரு கட்டை நசுங்கிப்போனவர்களுக்கு ராகியோ கால்சியம் மாத்திரையோ மட்டும் போதாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து தனியாக உண்டு. அம்மா வாரம் ஒரு நாள் வெறும் வயிற்றில் அதைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருப்பார். அந்த மருந்து வேலை செய்யத் தேவையான சரக்கைத்தான் சாப்பாடு கொடுக்கிறது.

## வழி 4: புரதம்

யாருமே கேட்காத வழி இது. எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள வழியும் இதுதான்.

அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு பிசியோதெரபிஸ்ட் கேட்டது கால்சியம் பற்றி அல்ல. "அம்மா நேத்து என்ன சாப்பிட்டாங்க? வரிசையா சொல்லுங்க" என்றார். சொன்னேன். காலையில் கோதுமை மா ரொட்டி ஒன்று, தேங்காய்ச் சம்பல், டீ. மதியம் ரசம் சோறு, கேரட் பொரியல். சாயங்காலம் டீ, இரண்டு வர்க்கி. ராத்திரி மிச்சச் சோற்றில் தண்ணீர் மோர். அவர் பேப்பரில் கூட்டினார். புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை. வளர்ந்தவர்களுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பரிந்துரை. 48 கிலோ அம்மாவுக்கு 40 கிராம். வயதானவர்களுக்கு ஒன்று முதல் 1.2 கிராம் வரை நல்லது என்பது முதியோர் மருத்துவர்கள் பலரின் கருத்து. அப்படிப் பார்த்தால் 48 முதல் 58 கிராம் வரை. பாதிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எத்தனை வருடமாக என்று தெரியாது. வயிறு நிறைந்தது, பசி இல்லை, அதனால் குறை தெரியவில்லை.

மாற்றியது இவ்வளவுதான். காலையில் அவித்த முட்டை ஒன்று, மதியம் இன்னொன்று: 12 கிராம். தினம் ஏதாவது ஒரு பயறு, உலர்ந்த எடையில் 60 கிராம், அவரையோ மொச்சையோ கொண்டைக்கடலையோ: 13 கிராமை ஒட்டி. ராத்திரி ஒரு டம்ளர் பால்: 6 கிராம். ரசம் சோறு அப்படியே இருக்கிறது, அளவு மட்டும் குறைந்தது.

ஆனால் முட்டையைத் தின்றுவிட்டுப் படுத்திருந்தால் தசை வளராது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, காலையில் பத்து, மாலையில் பத்து. முதல் வாரம் அம்மாவால் மூன்றுக்கு மேல் முடியவில்லை. மூன்றாம் மாதம், அடுக்களையிலிருந்து தானாகப் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வலி முற்றாகப் போகவில்லை. ஆனால் "முதுகு நிக்குது" என்றார். அந்த வார்த்தை எனக்குப் போதும்.

மறைந்த செலவு: மொச்சை, அவரைக் கொட்டை வேக நேரமாகும், மலை உயரத்தில் இன்னும் நேரமாகும். ஊறவைக்காமல் குக்கரில் போட்டால் கேஸும் வீண், வயிறும் உப்பும். முட்டைக்குப் பணம் வேண்டும். இருந்தாலும் ஒரு புரதப் பவுடர் டப்பாவின் விலைக்குப் பல வாரத்து முட்டை வாங்கலாம். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது.

முட்டை, மீன், பால் எதுவுமே அதிகம் சேர்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வைட்டமின் பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், ஊசி குத்துவது மாதிரி இருக்கும். அதை முதுகு நரம்பு என்று நினைத்து ஸ்கேனுக்கு ஓடுவார்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் இது வரும்.

## வழி 5: மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய்

இதற்கு நிறைய இடம் கொடுக்க மாட்டேன். மஞ்சள் தூளில் அதன் முக்கியச் சத்தான குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான். அரை ஸ்பூன் தூளில் 45 மில்லிகிராம் இருந்தால் அதிகம். ஆய்வுகளில் கொடுத்தது 500, 1,000 என்ற அளவில். அதிலும் பலன் தெரிந்தது முக்கியமாக முட்டித் தேய்மானத்தில், ஓரளவுக்கு. கீழ்முதுகு வலிக்கு உறுதியான ஆதாரம் இல்லை. உடம்பில் நன்றாகச் சேரட்டும் என்று மிளகுச் சத்து கலந்து செறிவாக்கிய கேப்ஸ்யூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் தொடக் கூடாது. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் எதுவும் வேண்டாம்.

மத்தி மீன் வேறு விஷயம். ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு மட்டுமில்லாமல் புரதமும் வைட்டமின் டி-யும் அதில் உண்டு. மலைக்கு வந்து சேரும் நாளில் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தால் வாங்குங்கள். வாரம் இரண்டு வேளை மத்தி, எண்ணெய் கேப்ஸ்யூலைவிட எனக்குப் பிடித்த கணக்கு.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு | ஆதாரம் | பலன் தெரிய | மலையில் சிரமம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| எடை குறைப்பு | சுமை | நன்று (பருமன் இருந்தால்) | 3–6 மாதம் | குளிர், டீ, வர்க்கி | அவசரப்பட்டால் தசை இழப்பு |
| ராகி, பால், கீரை | எலும்பு | நன்று, வலிக்கு அல்ல | வருடங்கள் | மழையில் காயாது | நேரம், மால்ட் பொடியில் சர்க்கரை |
| மாத்திரை, வெயில் | எலும்பு | குறைபாடு இருந்தால் மட்டும் நன்று | வாரங்கள் முதல் மாதங்கள் | மூடுபனி, ஸ்வெட்டர், கண்ணாடி | மலச்சிக்கல், அளவு மீறல் |
| புரதம் | தசை, எலும்பு | நன்று, பயிற்சியோடு | 2–3 மாதம் | பயறு வேகும் நேரம் | சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து |
| மஞ்சள், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் | வீக்கம் | பலவீனம் | நிச்சயமில்லை | இல்லை | விலை, கல்லீரல், மருந்து மோதல் |

தண்ணீர் பற்றியும் கேட்கிறார்கள். அதிகம் குடித்தால் ஜவ்வு ஊறிவிடாது. ஆனால் குளிரில் நாள் முழுக்க இரண்டு டம்ளரோடு நிறுத்துபவர்களுக்கு மலச்சிக்கலும் கல்லும் வரும். விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகக் கிளம்பி அடிவயிற்றுக்கு இறங்கும் வலி, முதுகு வலி மாதிரி நடிக்கும் கல்லாக இருக்கலாம்.

## மூன்று பேருக்கும் சொன்னது

கோத்தகிரி அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு, மாதவிலக்கு நின்று ஐந்து வருடம். அவருக்கு இரண்டாவதும் நான்காவதும் சேர்த்து. கூழைக் களியாக்கி, ரேஷன் ராகியை விடாமல் வாங்கி, தினம் முட்டையும் பயறும் சேர்க்கச் சொன்னேன். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து வீணாகாது. மாத்திரை வேண்டுமா என்பதை எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

ஜீப் அண்ணனுக்கு முதல் வழி. 36 கொண்டை ஊசி வளைவில் வண்டி குலுங்குவதே முதுகுக்குப் பெரிய சுமை, அதை நிறுத்த முடியாது, வயிற்றைக் குறைக்க முடியும். ஸ்டாண்டில் டீக்குச் சர்க்கரை அரை ஸ்பூன், வர்க்கிக்குப் பதில் வேர்க்கடலை ஒரு கைப்பிடி. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவும் சொன்னேன்.

குன்னூர் தம்பிக்கு இருபத்தெட்டு வயது, எடை சரியாக இருக்கிறது. கேப்ஸ்யூல் வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் முட்டையும் மத்தியும் வாங்கட்டும், மதியம் வேலையை நிறுத்திவிட்டு முழங்கை தெரிய வெயிலில் நடக்கட்டும். ஒரே நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பதைச் சரிசெய்யும் சாப்பாடு கிடையாது என்பதையும் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை.

மூன்று பேரிடமும் ஒன்றைத் தவறாமல் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். கால் பலமிழந்து போகிறதா? சிறுநீர், மலம் போவதில் மாற்றமா? தொடையிடுக்கில் மரத்துப்போகிறதா? சாயங்காலம் காய்ச்சலும் எடை இழப்பும் சேர்ந்து இருக்கிறதா? அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம், நம் நாட்டில் அபூர்வமில்லை. ராத்திரி படுத்தாலும் விடாத வலியா? ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டவரா? விழுந்தபின் அல்லது எதையோ தூக்கியபின் திடீரென வந்த வலியா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் ராகியையும் முட்டையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுக்காமல் ஊசி மட்டும் போட்டு அனுப்பினால், "எக்ஸ்ரே வேண்டாமா சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் ஐந்து மாதம் கேட்காமல் இருந்தோம்.

இப்போது எங்கள் வீட்டு அடுக்களைக் கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு இருக்கிறது. பொங்கலன்று காலையில் அம்மா செருப்பில்லாமல், குதிகால் நிலையை ஒட்ட நிற்பார். தலைமேல் ஸ்கேலைப் படுக்கையாக வைத்துக் கோடு போடுவேன். இளமையில் இருந்த உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் குறைந்தால் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்தப் பழக்கம். அம்மா இழந்தது ஐந்தரை. அது திரும்பி வராது. கோடு போட ஆரம்பித்து மூன்று பொங்கலாகிறது. மூன்று கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே தடித்த கோடாகத் தெரிகின்றன.